தோற்கத் தெரிந்தவனே வீரன்!

அமெரிக்காவில் ஜார்ஜ் வாக்னர் என்று ஒரு பயில்வான் இருந்தார். ஆள் மலை போன்றவர் அல்ல. அவரைவிடப் பலசாலிகள் பலர் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

1940-களில் அவர் ஒரு காரியம் செய்தார். தலைமுடியைச் சுருட்டிக் கொண்டார். பொன்னிறச் சாயம் பூசிக் கொண்டார். பளபளக்கும் அங்கி ஒன்றைப் போர்த்திக் கொண்டார். "கார்ஜியஸ் ஜார்ஜ்" என்று பெயரையும் மாற்றிக் கொண்டார். "பேரழகன் ஜார்ஜ்" என்று அதற்குப் பொருள்.

அவர் கோதாவுக்கு வரும் அழகே தனி! முதலில் ஒரு வேலைக்காரர் வருவார். கோதா முழுவதும் வாசனைத் தண்ணீர் தெளிப்பார். ராஜா பவனி வருவது போல வாத்தியம் முழங்கும். அதற்குப் பிறகுதான் ஜார்ஜ் ஆடி அசைந்து வருவார்.

கூட்டம் கூச்சல் போட்டது, கேலி செய்தது, திட்டியது. ஆனால், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக் கொண்டுதான் திட்டியது!

டெலிவிஷன் அப்போதுதான் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்து கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஜார்ஜின் பேச்சாகவே இருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி, இளைஞராக இருந்தபோது, 1961-ம் ஆண்டில் ஜார்ஜைச் சந்தித்தார். கூட்டத்தைக் கவரும் வித்தையை அவரிடம் கற்றுக் கொண்டதாக அலியே பிற்காலத்தில் சொன்னார்.

ஜார்ஜின் உடம்பு மாறவில்லை. பலமும் கூடவில்லை. மாறியது பாத்திரம் மட்டுமே.

இந்த ரகசியம் குஸ்தி பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. வீட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் அது மிகவும் உதவும்.

அது என்ன விளையாட்டு?

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புதுமாதிரி விளையாட்டு வெளிவந்தது. அதன் பெயர் "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்". கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். நிலவறைகளும், நெருப்புக் கக்கும் பறவை நாகங்களும் நிறைந்த கற்பனை உலகம் அது.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர்.

"நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே உறுமல் சத்தம் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். "நான் தீப்பந்தத்தோடு உள்ளே போகிறேன்" என்பார் ஒருவர். காரியம் பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டை போன்றதுதான். ஆனால், அந்தப் பகடைகளில் ஒன்றுக்கு 20 பக்கங்கள்!

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு. பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம் என்பவை அவை. 1974-ம் ஆண்டு விதிப்படி, மூன்று பகடைகளை உருட்டி, விழும் எண்களைக் கூட்டினால், ஒரு குணத்தின் அளவு கிடைத்து விடும்.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், எண் கிடைக்கும்; ஆள் கிடைக்க மாட்டான்! "பலம் 17, அறிவு 9" என்று காகிதத்தில் எழுதி விடலாம். அவன் யார்? எப்படி நடப்பான்? எதற்கு அழுவான்? இதைப் பகடை சொல்லாது.

புதிதாக ஆடுகிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். இங்கேதான் குஸ்திக் கோதா கை கொடுக்கிறது.

பொய்ச் சண்டைதானே?

"குஸ்தியா? முடிவை முன்பே பேசி வைத்துக் கொண்டு சண்டை போடுகிறார்கள். அதில் கற்றுக் கொள்ள என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

ஒலிம்பிக் மல்யுத்தம் வேறு. டெலிவிஷனில் காட்டும் குஸ்தி வேறு. இதில் ஒளிவு மறைவு இல்லை. 1989-ம் ஆண்டில், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலச் சட்டசபையிலேயே குஸ்திக் கம்பெனியார் இதை ஒப்புக் கொண்டு விட்டார்கள். "இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

பொழுதுபோக்கு என்பதால் மட்டம் என்று ஆகி விடாது. தெருக்கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். காரணம் என்ன? யார் ஜெயிப்பார் என்பது அல்ல நமக்கு முக்கியம். எப்படி விழுகிறான் என்பதே முக்கியம்.

குஸ்திக்காரரும் கூத்துக்காரர் மாதிரியே. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கம் அது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒரே பார்வையில் புரிய வேண்டும்: இவர் யார், நல்லவரா, கெட்டவரா, இவருக்கு என்ன வேண்டும்? இத்தனையையும் இரண்டு நிமிஷத்தில் புரிய வைக்கிறார்.

நம் பெரியவர்கள் கிங்காங், தாராசிங் என்று பேசிக் கேட்டிருப்பீர்கள். கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா. ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். "கிங்காங்" என்று சினிமாக் குரங்கின் பெயரை வைத்துக் கொண்டதுமே, பாதிப் பாத்திரம் தயாராகி விட்டது! அவரோடு மோதிய தாராசிங், 1987-ம் ஆண்டில் டெலிவிஷன் ராமாயணத்தில் அனுமார் ஆனார். குஸ்திக் கோதாவில் இருந்து இதிகாசத்துக்கு ஓர் எட்டுதான் தூரம்!

மூன்று கேள்விகள்

கதை விளையாட்டுக்குப் பாத்திரம் படைக்கிறவர்கள், குஸ்தியைப் பார்த்து மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொண்டால் போதும்.

முதல் கேள்வி: பார்த்ததும் தெரியும் அடையாளம் எது?

ஜேக் ராபர்ட்ஸ் என்ற பயில்வான் ஒரு சாக்குப் பையோடு வருவார். பைக்குள் மலைப்பாம்பு! மற்றப் பயில்வான்கள் ஒலிபெருக்கி உடையும்படி கத்துவார்கள். இவர் கத்த மாட்டார். மெதுவாக, தாழ்ந்த குரலில் பேசுவார். கேட்பவர்களுக்கு அதுவே நடுக்கத்தைக் கொடுக்கும். ஒரு பை, ஒரு குரல். அவ்வளவே அடையாளம்! உங்கள் மந்திரவாதிக்குப் பத்துப் பக்கம் பூர்வகதை எழுத வேண்டாம். இப்படி இரண்டு அடையாளம் போதும்.

இரண்டாவது கேள்வி: எதைப் பணயம் வைக்கிறான்?

மெக்சிகோ நாட்டுக் குஸ்தியில் பயில்வான்கள் பலர் முகமூடி அணிவார்கள். இரண்டு பேர் முகமூடியையே பணயம் வைத்து மோதுவது உண்டு. தோற்றவர் முகமூடியைக் கழற்ற வேண்டும். முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டும். அதோடு அவருடைய மர்மம் போய் விடும்.

அந்த நாட்டில் "எல் சாண்டோ" என்று புகழ் பெற்றவர் ஒருவர். வெள்ளி முகமூடிக்காரர். 1942-ம் ஆண்டில் அந்தப் பெயரோடு கோதாவில் இறங்கினார். 1952-ம் ஆண்டில் "பிளாக் ஷேடோ" என்ற பயில்வானைத் தோற்கடித்து அவருடைய முகமூடியைப் பறித்தார். சாண்டோவின் முகமூடியை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. ஏராளமான சினிமாப் படங்களிலும் முகமூடியோடுதான் நடித்தார். 1984-ம் ஆண்டில் இறந்தபோது, முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்!

பேரழகன் ஜார்ஜும் இப்படிப் பணயம் வைத்தவர்தான். அவர் வைத்தது பொன்னிறத் தலைமுடி. 1959-ம் ஆண்டில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் தோற்று, அதைப் பறிகொடுத்து மொட்டை ஆனார்.

உயிரைப் பணயம் வைக்கிறேன் என்று எல்லா வீரனும் சொல்வான். அது பழகிப் போன பேச்சு. முகமூடி, தலைமுடி, கொடுத்த வாக்கு, அப்பாவின் மோதிரம் — இப்படி ஒன்றைப் பணயம் வைத்தால்தான் கேட்பவர்களின் நெஞ்சு அடித்துக் கொள்ளும்.

மூன்றாவது கேள்வி: குறை என்ன?

"டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" விளையாட்டின் 2014-ம் ஆண்டுப் புத்தகம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது. லட்சியம், பற்று ஆகியவற்றோடு, ஒரு குறையையும் எழுதச் சொல்கிறது. குஸ்தியிலோ இது எப்போதும் இருந்து வருகிற பாடம். கர்வம், பொறாமை, முன்கோபம், நண்பனைச் சந்தேகிப்பது — பயில்வான்கள் தோற்பது பெரும்பாலும் எதிரியின் பலத்தால் அல்ல, சொந்தக் குறையால்தான்.

ஒரு பாத்திரம் செய்து பார்ப்போம்

ஒரு வீராங்கனையை எடுத்துக் கொள்வோம். பெயர் "மௌனி".

அடையாளம்: வாயைக் கறுப்புத் துணியால் கட்டி இருப்பாள். கூட்டாளிகளோடு சைகையால் மட்டும் பேசுவாள்.

பணயம்: அவளுடைய தம்பியை ஒரு மந்திரவாதி சிறை வைத்திருக்கிறான். தம்பியை மீட்கும் வரை பேசுவது இல்லை என்று அவள் சபதம் செய்திருக்கிறாள். சபதம் தவறினால், அதுவரை பட்ட பாடு எல்லாம் வீண்.

குறை: பிடிவாதம். யாரிடமும் உதவி கேட்க மாட்டாள்.

மூன்று வரிகளில் ஆள் வந்து விட்டாள்! இனிக் கதை தானாக ஓடும். நண்பன் ஒருவன் இருட்டில் படுகுழியை நோக்கி நடக்கிறான். மௌனி மட்டும் குழியைப் பார்த்து விடுகிறாள். கூவினால் அவன் பிழைப்பான், சபதம் போகும். கூவா விட்டால் சபதம் நிற்கும், நண்பன் போவான். என்ன செய்வாள்?

மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் மூச்சை அடக்கிக் கொண்டு பார்ப்பார்கள். "பலம் 17" என்ற எண் இந்தக் காட்சியைக் கொண்டு வந்து தருமா?

தோற்றவருக்கு அழுத கூட்டம்

கோதா சொல்லித் தரும் பாடங்களிலே பெரிய பாடம் இனிமேல்தான் வருகிறது.

கதை விளையாட்டில் சிலர் தோற்கவே விரும்ப மாட்டார்கள். தம் பாத்திரத்தின் மேல் ஓர் அடி விழுந்தாலும் முகம் சுருங்கும். பகடை சரியாக உருளவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். எல்லாப் பேயையும் தாமே கொல்ல வேண்டும் என்பார்கள். அப்படி ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்களின் சந்தோஷம் கெட்டு விடும்.

அவர்களுக்கு இரண்டு குஸ்திகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, 1991-ம் ஆண்டு லாஸ்ஏஞ்சல்சில் நடந்தது. ராண்டி சாவேஜ் என்ற பயில்வானும், "அல்டிமேட் வாரியர்" என்ற பயில்வானும் மோதினார்கள். தோற்றவர் குஸ்தியை விட்டே விலக வேண்டும் என்பது பந்தயம். சாவேஜ் அப்போது கெட்டவர் வேடத்தில் இருந்தார். அவர்தான் தோற்றார்.

தோற்று விழுந்து கிடந்தவரை, அவரோடு இருந்த பெண்ணே உதைத்தாள். அப்போது பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு பெண் ஓடி வந்தார். அவர் எலிசபெத். கதைப்படி, சாவேஜ் முன்பு அலட்சியம் செய்து பிரிந்தவர். நிஜ வாழ்க்கையில் அவருடைய மனைவி. எலிசபெத் அந்தப் பெண்ணைப் பிடித்து வெளியே தள்ளினார். சாவேஜ் மெல்ல எழுந்தார். எலிசபெத்தைப் பார்த்தார். இருவரும் கட்டிப் பிடித்துக் கொண்டார்கள்.

அரங்கத்தில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள். டெலிவிஷன் அந்த முகங்களைக் காட்டியது. அன்று ஜெயித்தவர் வாரியர்தான். ஆனால், ரசிகர்கள் இன்றுவரை பேசுவது தோற்ற சாவேஜைப் பற்றி!

ராட்சதர் செய்த உபகாரம்

இன்னொரு குஸ்தி, 1987-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி அமெரிக்காவில் பாண்டியாக் என்ற ஊரில் நடந்தது. 93,173 பேர் பார்த்ததாக நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு பேர் இல்லை என்று சொல்வாரும் உண்டு. பெருங்கூட்டம் என்பதில் சந்தேகம் இல்லை.

மோதியவர்கள் ஹல்க் ஹோகனும், "ராட்சதர்" ஆந்த்ரேயும். ஆந்த்ரே பிரான்சு நாட்டுக்காரர். உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

அந்த மலையை ஹோகன் தூக்கித் தரையில் போட்டார். கூட்டத்தின் ஆரவாரம் வானைப் பிளந்தது!

கூட்டத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆந்த்ரே நோயாளி. உடம்பை அளவுக்கு மீறி வளர வைக்கும் வியாதி அவருக்கு. முதுகில் ஆபரேஷன் ஆகி இருந்தது. சட்டைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டிக் கொண்டுதான் கோதாவில் இறங்கினார். அவ்வளவு கனத்தை, அவர் சம்மதிக்காமல் யாராலும் தூக்கி இருக்க முடியாது. வலியைத் தாங்கிக் கொண்டு, தம் உடம்பை ஹோகன் கையில் ஒப்படைத்தார். தாம் விழுந்து, இன்னொருவரை வீரர் ஆக்கினார். 1993-ம் ஆண்டில், 46-வது வயதில் ஆந்த்ரே காலமானார். ஹோகன் 2025-ம் ஆண்டில் காலமானார். அந்த ஒரு நொடி இன்னும் நிலைத்திருக்கிறது.

குஸ்தியின் உட்பொருள் இதுதான். வெளியே பார்த்தால் பகை, உள்ளே ஒத்துழைப்பு. எதிரியின் கழுத்து நம் கையில் இருக்கிறது. அவருக்கு அடிபடாமல், அடிபட்டது போலக் காட்ட வேண்டும்.

கதை விளையாட்டும் அப்படியே. அங்கே ஒருவர் இன்னொருவரைத் தூக்கி விட வேண்டும். "இந்தச் சண்டையில் உன் மௌனி முன்னே போகட்டும், நான் அடிபட்டு விழுகிறேன்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர்.

எதை விட வேண்டும்?

குஸ்தியில் இருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ளக் கூடாது. ஒதுக்க வேண்டிய குப்பையும் அங்கே உண்டு.

"கமாலா" என்று ஒரு பயில்வான். முகத்தில் சாயம், கையில் ஈட்டி, இடுப்பில் தோல் உடை. உகாண்டாவில் இருந்து வந்த காட்டு மனிதர் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அவர் அமெரிக்கர். மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவர். ஆப்பிரிக்கா என்றால் காட்டுமிராண்டி என்ற தப்பெண்ணத்தைக் காசாக்கிய வேடம் அது. அயல்நாட்டார் என்றாலே வில்லன் என்று காட்டுவதும் அங்கே நெடுங்காலம் நடந்தது.

கதை விளையாட்டிலும் இந்தக் குறை இருந்தது. "ஆர்க்" என்ற கற்பனை இனத்தார் பிறவியிலேயே தீயவர் என்று எழுதி வைத்திருந்தார்கள். இப்படி எழுதுவது, நிஜ உலகில் சில இனத்தாரை இழிவுபடுத்திய பேச்சைப் போலவே இருக்கிறது என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். வெளியிடும் கம்பெனி 2020-ம் ஆண்டில் அதை ஏற்றுக் கொண்டு, மாற்றி எழுதுவதாக அறிவித்தது. 2024-ம் ஆண்டுப் புத்தகத்தில் "இனம்" என்ற சொல்லையே எடுத்து விட்டு, வேறு சொல்லைப் போட்டு விட்டது.

ஆகவே, வில்லனைப் படைக்கும்போது கவனம் வேண்டும். அவன் எந்த நாட்டில் பிறந்தான், எந்த நிறம் என்பது அவனை வில்லன் ஆக்கக் கூடாது. அவன் செய்த காரியமே ஆக்க வேண்டும். ஜேக் ராபர்ட்ஸ் பயங்கரமாக இருந்ததற்கு நாடோ, நிறமோ காரணம் இல்லை. பேச்சும், செயலுமே காரணம்.

வீட்டில் ஆடலாம்

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

டெலிவிஷனில் குஸ்தி பார்த்து விட்டு, அண்ணன் தம்பியைத் தூக்கிக் கட்டிலில் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. அது ஆபத்து. கோதாவில் விழுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக விழப் பழகியவர்கள். அவர்களுக்கே எலும்பு முறிகிறது. பிள்ளைகள் அதைச் செய்யவே கூடாது.

"பார்க்காதே" என்று அதட்டினால் மட்டும் போதாது. அந்த ஆசைக்கு வேறு வழி காட்ட வேண்டும். ஒரு மேஜை, நாலு காகிதம், ஒரு பென்சில், பகடை — இவை போதும். "உன் பயில்வானை இந்தக் காகிதத்தில் எழுது. அவன் மந்திர நாட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அப்பாவோ, அம்மாவோ, பாட்டியோ கதை நடத்தலாம். கதை சொல்லுவதில் பாட்டிமாரை யாரால் ஜெயிக்க முடியும்? மேஜை மேல் பகடைதான் உருளும். கை கால் முறியாது. எழுதப் படிக்கக் கற்று வரும் பிள்ளைக்கு, எழுத்தும் கணக்கும் விளையாட்டாகவே வந்து விடும்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பரீட்சையிலும் பந்தயத்திலும் நம் பிள்ளைகளுக்கு ஜெயிக்க மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தோற்கச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. அதனால், ஒரு சிறு தோல்வி வந்தாலும் சில பிள்ளைகள் ஒடிந்து போகிறார்கள்.

கதை விளையாட்டில் பகடை கைவிடும். பாத்திரம் விழும். பக்கத்தில் இருப்பவர் கை கொடுப்பார். பாத்திரம் எழும். கதை முன்னைவிட நன்றாக ஓடும். பத்துத் தடவை இதைப் பார்த்த பிள்ளைக்கு ஓர் உண்மை தானாகப் புரியும்: விழுவது கதையின் முடிவு அல்ல.

விழாதவன் வீரன் அல்ல. விழுந்து எழுகிறவன் வீரன். மற்றவன் எழுவதற்காகத் தான் விழச் சம்மதிக்கிறவன், வீரருக்குள் வீரன்!